குற்றவாளி பாட்டரி அல்ல

பழைய ஜீப்புகளில் திரும்பத் திரும்ப வரும் மின்கோளாறுக்கு, பாகங்களை மாற்றுவதே வைத்தியம் என்றாகிவிட்டது. நோய் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு மீட்டரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

பாலாற்றில் தேங்கி நிற்கும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது பேத்தமங்களா. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் அவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொடுத்த ஊர். ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் தொலைவில் இல்லை. ஒரே டீக்கடையில் மூன்று மொழிகள் கேட்கும். இந்த மாதிரி ஊர்களில் பழைய ஜீப் என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. தோட்டத்திலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றவும், போர்வெல் மோட்டாரைத் தூக்கிவரவும், தார் காணாத பாதையில் ஆட்களைக் கொண்டுபோகவும் உழைக்கிற வண்டி. விடிவதற்குள் கோலார் சந்தைக்குப் போக வேண்டிய நாளில் அது கிளம்பவில்லை என்றால் அன்றைய வருமானம் போயிற்று.

கிளம்பாத வண்டியின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்புகிறார்கள். பாட்டரி போய்விட்டது என்று தீர்ப்பாகிறது. புதுப் பாட்டரி வருகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே 'டக்'. இந்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றுகிறார்கள். அடுத்த முறை ஆல்டர்னேட்டர். அதற்கடுத்து சாவி ஸ்விட்ச். ஆண்டு முடிவதற்குள் பல ஆயிரம் ரூபாய் செலவாகிவிடுகிறது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சிறிது காலம் வண்டி சரியாகிவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்று. பாட்டரியை மாற்றும்போது கிளிப்புகளைக் கழற்றித் தட்டித் துடைத்து மறுபடி முடுக்குகிறார்கள். செல்ஃபைக் கழற்றும்போது அதன் தடிமனான கேபிளும் கழன்று மாட்டப்படுகிறது. களிம்பேறிக் கிடந்த இணைப்பு அந்தச் சந்தர்ப்பத்தில் கொஞ்சம் சுரண்டப்பட்டு உயிர் பெறுகிறது. புதிதாக வாங்கிய பொருள்தான் வேலை செய்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்தது ஸ்பானரின் முடுக்கல். ஈரமும் புழுதியும் அதிர்வும் சேர்ந்து அந்த இணைப்பை மறுபடி கெடுக்கச் சில வாரங்கள் போதும்.

147 கிலோமீட்டரும் 4 அடியும்

இந்தக் கோளாறின் அடிப்படையைப் புரிந்துகொள்ளத் தங்கவயலின் சொந்த வரலாறே கைகொடுக்கிறது. 1902 ஜூன் 30ஆம் தேதி, காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் கோலார் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. அவ்வளவு தூரத்தை மின்சாரம் கடந்துவந்ததன் ரகசியம் அழுத்தத்தில் இருந்தது. 30 ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தில் அனுப்பியதால், கம்பியில் ஓட வேண்டிய மின்னோட்டம் குறைந்தது. மின்னோட்டம் குறைந்தால் வழியில் ஏற்படும் இழப்பும் குறையும்.

ஜீப்பின் நிலைமை இதற்கு நேர் எதிர். அழுத்தம் வெறும் 12 வோல்ட். ஆனால் எஞ்சினைச் சுற்றிவிடும் நேரத்தில் செல்ஃப் மோட்டார் கேட்கும் மின்னோட்டமோ 200 ஆம்பியர் வரை போகலாம். டீசல் எஞ்சின் என்றால், குளிர்ந்த காலை என்றால், இன்னும் அதிகம். பாட்டரியிலிருந்து செல்ஃப் வரை உள்ள கேபிள் 4 அடிகூட இருக்காது. ஆனால் அந்த வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உட்கார்ந்துகொண்டால் போதும் - 200 ஆம்பியருக்கு 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். நூறில் இரண்டு பங்கு என்றால் 4 வோல்ட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்ச் சேருவது 8 வோல்ட்கூட இல்லை. 'டக்' சத்தத்துக்கு அது போதும். எஞ்சினைச் சுற்றப் போதாது.

இந்தச் சிறு தடையைக் கண்ணால் பார்க்க முடியாது. டெஸ்ட் லாம்ப்பும் காட்டாது. 5 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்த அளவுக்கு மோசமான இணைப்பும் தாராளமாக வழிவிடும், பல்பு பளிச்சென்று எரியும். கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தாலும் பயனில்லை. சாதாரண மீட்டருக்கு நூறில் ஒரு ஓம் என்பது பூஜ்யத்துக்குச் சமம். 'கரெண்ட் வருதே' என்று மெக்கானிக் சொல்வது பொய்யல்ல. வருகிறது. தேவையான அளவு வருகிறதா என்பதுதான் கேள்வி.

திரும்பிப் போகும் பாதை

பழைய ஜீப்புகளில் இந்த இழப்பு மிக அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் எர்த். மோட்டார் வண்டிகளில் மின்சாரம் ஒயர் வழியாகப் போகிறது. இரும்புடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. போகும் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள். திரும்பும் பாதையை யாரும் நினைப்பதில்லை.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் சேஸையும் இணைக்கப் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று தேவை. எப்போதோ எஞ்சின் வேலைக்காகக் கழற்றியபோது அது மறந்துபோயிருக்கும். அல்லது பாதி இழைகள் அறுந்து மீதி பச்சையாகிக் கிடக்கும். அப்போது மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் எதுவானாலும் அதற்குச் சம்மதம். செல்ஃப் அடிக்கும்போது இந்த மெல்லிய கேபிள்கள் சுடுகின்றன என்றால், சில வண்டிகளில் அவற்றின் உறையிலிருந்து புகை வருகிறது என்றால், வேறு சாட்சி தேவையில்லை. எர்த் இல்லை.

அழகுபடுத்தும் வேலையும் இதே கோளாறைக் கொண்டுவருகிறது. பழைய ஜீப்பைப் புதுப்பிப்பவர்கள் சேஸைத் தேய்த்துக் கனமாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். எர்த் போல்ட்டின் அடியிலும் பெயிண்ட் போகிறது. பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கும். ஹெட்லைட் போட்டால் ஹாரன் தேய்ந்து ஒலிக்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று ஆடுவது எர்த் கோளாறின் கைரேகை. வழி இல்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது.

வரிசை முக்கியம்

நல்ல வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன் நாடி பார்ப்பார். ஜீப்புக்கு நாடி பார்க்கும் வரிசை இது:

முதலில் பாட்டரி. இரவு முழுக்க ஓய்வில் இருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. இறங்கிய பாட்டரியை வைத்துக்கொண்டு மற்ற எதையும் சோதிக்கக் கூடாது. வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகே அடுத்த அடி. தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பார்த்துவிடலாம். ஐந்து ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் இறங்கி நின்றால், பாட்டரிதான் குற்றவாளி. அப்போது மட்டும்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது பாட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்துப் பார்ப்பது. 12.6 இருந்தது 7க்கு விழுந்தால், பாட்டரி பலவீனம் அல்லது மோட்டார் இறுகிக்கொண்டு அதிகமாக இழுக்கிறது. 10க்கு மேலே நிற்கிறது, எஞ்சினும் வேகமாகச் சுற்றுகிறது என்றால் கவலையில்லை. பாட்டரி 11.5ல் கம்பீரமாக நிற்கிறது, மோட்டார் மட்டும் முனகுகிறது என்றால், கோளாறு இரண்டுக்கும் நடுவில். பாட்டரி மின்சாரம் கொடுக்கத் தயார். கேட்கும் குரல்தான் அதற்கு எட்டவில்லை.

மூன்றாவது சோதனை அந்த நடுவழியைப் பிடித்துக் கொடுக்கிறது. மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் நெகடிவ் ஈயத் தூணில் - கிளிப்பில் அல்ல, தூணிலேயே. இன்னொரு முனை எஞ்சின் உடம்பில், துருவும் பெயிண்டும் இல்லாத இடத்தில். உதவியாள் செல்ஃப் அடிக்கட்டும். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டாது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான். பிறகு மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்த வேண்டியதுதான்: தூணிலிருந்து கிளிப்புக்கு, கிளிப்பிலிருந்து கேபிளுக்கு, கேபிளிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து எஞ்சினுக்கு. எந்தத் தாவலில் எண் குதிக்கிறதோ அதுவே இடம். பாசிடிவ் பக்கத்திலும் தூணிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை இதே மாதிரி. மொத்தம் பத்து நிமிட வேலை. ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டாம். ஒரு பாகத்தையும் வாங்க வேண்டாம்.

நான்காவது, ஓடும் எஞ்சினில் சார்ஜ். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. பாட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதும் பல்புகள் வரிசையாகப் போவதும் இதன் அறிகுறிகள்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பாட்டரி கிளிப்பைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, எனவே ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று தீர்மானிக்கும் சோதனை பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. டீசல் ஜீப்பில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பம்ப் எஞ்சின் சுழற்சியிலேயே இயங்கும், நிறுத்துவதற்குக் கம்பியை இழுக்கும் பழைய டீசல் வண்டிகள், கிளம்பிய பிறகு மின்சாரமே இல்லாமலும் ஓடும். ஆனால் சோதனையின் விளைவு பாதகமானது. பாட்டரி திடீரென்று விலகும்போது ஆல்டர்னேட்டரின் அழுத்தம் துள்ளி எழுந்து அதன் டையோடுகளையே எரித்துவிடலாம். நன்றாக இருந்த பொருளைச் சோதித்தே கொன்றுவிடும் விசித்திரம் இது.

இரவில் குடிக்கும் திருடன்

மாலையில் நன்றாக ஓடிய வண்டி, இரண்டு நாள் நின்றால் செத்துக் கிடப்பது வேறு வகை நோய். யாரோ இரவில் பாட்டரியைக் குடிக்கிறார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகடிவ் கிளிப்பைக் கழற்றி, தூணுக்கும் கிளிப்புக்கும் நடுவே ஆம்பியர் அளவில் மீட்டரை இணைத்தால் கசிவு தெரிந்துவிடும். (மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் காலி.) கம்ப்யூட்டர் இல்லாத பழைய ஜீப்பில் இந்த எண் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பாட்டரி ஐந்தே நாளில் வற்றிவிடும். கிளம்ப முடியாத நிலைக்கு அதற்கு முன்பே வந்துவிடும்.

கசிவைப் பார்த்தபடியே பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்தால் எண் விழுகிறதோ அந்தப் பாதையில் தேடலாம். எதை எடுத்தும் விழவில்லையா? ஆல்டர்னேட்டரின் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழுதான டையோடு வழியாகப் பாட்டரி இரவெல்லாம் இறங்கும். டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகளில் இதே வேலையைக் கட்-அவுட் செய்கிறது. அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பாட்டரி திரும்பி டைனமோவுக்குள் பாய்கிறது - டைனமோவே எரிந்துபோகும் அளவுக்கு.

வந்து போகும் நோய்

மெக்கானிக்குகள் மிகவும் வெறுப்பது மூன்றாவது வகையை. பட்டறைக்கு வந்தால் வண்டி ஒழுங்காக நடந்துகொள்ளும். ஊர் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் எல்லா விளக்கும் அணையும்; அடுத்த குலுக்கலில் தானாகவே வரும். பழைய ஜீப்புகளில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது டாஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டர். செல்ஃப் தவிர, வண்டியின் ஏறக்குறைய எல்லா மின்சாரமும் அதன் முதுகில் உள்ள இரண்டு சிறிய போல்ட்டுகள் வழியாகத்தான் போகிறது. நட்டு தளர்ந்தால் சூடு. சூட்டில் இன்னும் தளர்வு. ஒருநாள் மொத்த வண்டியும் இருட்டு. பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மீட்டர் பழையது, அதன் மேல் ஏறும் சுமை புதியது.

இத்தகைய கோளாறை வரவழைத்துத்தான் பிடிக்க வேண்டும். விளக்குகளைப் போட்டுவிட்டு ஒயர் கட்டுகளை ஒவ்வொரு பகுதியாக ஆட்டிப் பார்ப்பது, அரைமணி நேரம் சுமையோடு ஓடவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பது - சூடான இணைப்பு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். எப்போது நின்றது, மழையா வெயிலா, மேடா பள்ளமா, எந்த விளக்கு போட்டிருந்தது என்று டிரைவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நாலு முறைக்குள் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பது இதில் கண்டிப்பான விதி. மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

தீப்பிடிக்கும் அலங்காரம்

பிரிட்டிஷ் வண்டிப் பிரியர்கள் அந்நாட்டின் ஜோசப் லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று கிண்டல் செய்வது உலகறிந்த நகைச்சுவை. அவருடைய கம்பெனி தயாரித்த மின்பொருள்கள் நடுவழியில் இருட்டாக்கிவிடுமாம். ஆனால் இந்தியாவில் ஓடும் பழைய ஜீப்புகளின் இருட்டுக்குத் தயாரிப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்போடு தொடங்கிய மஹிந்திராவின் வண்டிகளானாலும், ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை தயாரான ஜோங்காவானாலும், 1985ல் வந்த மாருதி ஜிப்ஸியானாலும், அவற்றின் ஒயரிங் அந்தக் காலச் சுமைக்குப் போடப்பட்டது. பிறகு வந்த ஒவ்வொரு சொந்தக்காரரும் தம் பங்குக்கு எதையாவது சேர்த்திருக்கிறார்.

100 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு போட்டால் மட்டுமே ஏறக்குறைய 17 ஆம்பியர். ரிலே இல்லாத பழைய வண்டியில் இத்தனையும் விரல் நுனியில் இயக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போகிறது. அதன்மேல் பாட்டு, பாக் லாம்ப், மொபைல் சார்ஜர், கூரையில் எல்இடி பட்டை. ஒவ்வொன்றும் கிடைத்த ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி எடுத்த இணைப்பு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டால் கதை முடிந்தது. பியூஸ் உருகி வண்டியைக் காப்பாற்றியிருக்கும். இனி உருகப்போவது ஒயரின் தோல். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகலாம்.

பரிகாரம் எளியது, மலிவானது. விளக்குகளுக்குத் தனி ரிலே, பாட்டரியிலிருந்து தனி ஒயர், பாட்டரிக்கு மிக அருகில் அதற்கென ஒரு பியூஸ். முறுக்கிய இணைப்புகளுக்குப் பதிலாக அழுத்திப் பொருத்திய டெர்மினல்கள். புதிதாக மூன்று எர்த் கேபிள்கள்: பாட்டரியிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து எஞ்சினுக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு. போல்ட் உட்காரும் இடத்தில் இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ். இவ்வளவும் சேர்ந்து ஒரு புதுப் பாட்டரியின் விலையைத் தொடாது.

கைமாறாத கல்வி

பழைய வண்டியை வைத்திருப்பதே செலவு பிடித்த காரியமாகிவருகிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ 600லிருந்து ரூ 5,000 ஆக உயர்ந்தது. தகுதிச் சோதனையில் விளக்கும் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்தாக வேண்டும். வருமானத்துக்கு ஜீப்பை நம்பியிருப்பவருக்குத் தேவையில்லாமல் மாற்றிய ஒரு பாட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் சின்ன விஷயமல்ல. வண்டியை வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற முடிவையே அது தீர்மானிக்கிறது. சுரண்ட வேண்டிய ஒரு போல்ட்டுக்காக நல்ல எஞ்சின்கள் எடைக்குப் போகின்றன.

தங்கவயல் வட்டாரத்துக்கு மின்சாரமும் இயந்திரமும் புதியவை அல்ல. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்படும் வரை, இணைப்புகளைச் சோதிப்பதும் அளவுகளைக் குறித்து வைப்பதும் அங்கே அன்றாட வேலை. 1964ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை தங்கவயலில் இன்றும் மண்வாரி இயந்திரங்களைத் தயாரிக்கிறது. ஊகிக்காதே, அள என்பது அந்தத் தொழில்களின் பாலபாடம். சாலையோரப் பட்டறையில் அந்தப் பாடம் எளிதில் மறந்துபோவதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. மாற்றிய பாகத்துக்குப் பணம் கொடுக்க வாடிக்கையாளர் தயங்குவதில்லை. ஒரு மணி நேரம் தேடி, ஒரு நட்டை முடுக்கியவருக்கு 300 ரூபாய் கொடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார். தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் யாரும் தேடமாட்டார்கள்.

அடுத்த முறை சாவியைத் திருப்பி 'டக்' என்று கேட்டால், பாட்டரிக் கடைக்குப் போகும் முன் சொந்தக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அளந்து பார்த்தீர்களா? பதிலாக ஓர் எண் வந்தால் அந்த மெக்கானிக்கை விட்டுவிடக் கூடாது. கேட்ட கூலியைக் கொடுத்துவிடுவது லாபம்.